அத்தியாயம் 9: எடை குறைந்த காருக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும்

சேஸிஸ் பற்றவைத்தாகிவிட்டது, விஷ்போன்கள் மாட்டியாகிவிட்டன, அடுத்து ஷாக் அப்சார்பர் வாங்க வேண்டும். கிட் கார் கட்டுகிறவர்கள் பலர் இந்த வேலையைத் தலைகீழாகத் தொடங்குவார்கள். பளபளப்பான அலுமினிய ஷாக் ஒன்றைப் பிடித்துப்போய் வாங்குவார்கள். பிறகு இன்னொருவர் காரில் என்ன ஸ்பிரிங் போட்டிருக்கிறது என்று விசாரித்து அதையே போடுவார்கள். கார் என்ன எடை என்பது கடைசியில்தான் தெரியவரும். நாம் வேறு வரிசையில் போகப் போகிறோம்: முதலில் சக்கரம் ஏறி இறங்க எவ்வளவு இடம் இருக்கிறது, அடுத்து எடை, அடுத்து ஸ்பிரிங், எல்லாம் முடிந்த பிறகு ஷாக்.

இந்த நூல் முழுக்க நாம் எடுத்துக்கொண்டிருப்பது லோட்டஸ் செவன் வகைக் கார். காலின் சாப்மன் 1957இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1973இல் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. 1996இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றும் சதுரக் குழாயும் இருந்தால் 250 பவுண்டிலேயே அப்படியொரு காரைக் கட்டலாம் என்றது. அதிலிருந்து பிறந்ததுதான் லோகோஸ்ட் என்ற வகை. முன்னால் இரட்டை விஷ்போன், பின்னால் எஸ்கார்ட்டின் முழு ஆக்ஸில், நான்கு மூலையிலும் ஸ்பிரிங்குக்குள் ஷாக் செருகிய காயிலோவர். நம் எடுத்துக்காட்டுக் காரும் அதுவே: காலியாக 550 கிலோ, ஓட்டுநர் ஏறினால் 630.

ஓட்டுநர் எடையைச் சேர்த்தே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1,500 கிலோ குடும்பக் காரில் 80 கிலோ ஆள் ஏறினால் அது மொத்தத்தில் 5 சதவீதம், கார் கண்டுகொள்ளாது. இங்கே அதே ஆள் கிட்டத்தட்ட 13 சதவீதம். பக்கத்தில் இன்னொருவரும் பின்னால் ஒரு பையும் ஏறினால் பின்சக்கரங்களுக்கு அது வேறு கார். எடை குறைந்த காரில் ஸ்பிரிங் பிரச்சினை என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து வருவதுதான்.

இடம் எவ்வளவு?

ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டிப் பாருங்கள். ஷாக் இன்னும் வாங்கவில்லையென்றால் இரண்டு மரச்சட்டங்களைக் கிளாம்ப் போட்டு நீளத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்து மாட்டினாலும் போதும். ஜாக்கியால் சக்கரத்தை மெல்லத் தூக்குங்கள். எங்கே முதலில் இடிக்கிறது? டயர் மட்கார்டில் இடிக்கலாம், விஷ்போன் குழாயில் இடிக்கலாம், மேல் பால் ஜாயிண்ட் தன் கோணத்தின் எல்லையைத் தொட்டு நின்றுவிடலாம். ஷாக் முழுதாக மூடுவதற்கு முன்னால் இவற்றில் எதுவும் நிகழக் கூடாது. கீழே தொங்கவிட்டும் அதேபோல் பாருங்கள். இரண்டு எல்லைகளுக்கும் நடுவில், கார் தன் வழக்கமான உயரத்தில் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திறந்தால் 330 மி.மீ., மூடினால் 230 மி.மீ. என்று ஒரு ஷாக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் 100 மி.மீ. கார் நிற்கும்போது இதில் 60 மி.மீ. மூடுவதற்கும் 40 மி.மீ. திறப்பதற்கும் மிச்சம் இருக்க வேண்டும். சரிபாதியாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். ஆனால் மேட்டில் ஏறும்போது இடம் போதாவிட்டால் அடி நேராகச் சேஸிஸில் இறங்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கி நின்றுவிட்டால் ஒரு கணம் பிடிப்புக் குறையும், அவ்வளவுதான். இரண்டில் எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது தெளிவு.

இங்கேயே சம்ப்பையும் அளந்துவிடுங்கள். செவன் வகைக் காரில் எஞ்சினின் எண்ணெய்ச் சம்ப்தான் தரைக்கு மிக அருகில் இருக்கும். பிரிட்டனில் வேகத்தடை 25 முதல் 100 மி.மீ. உயரம் வரை இருக்கலாம் என்று 1999ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சம்ப்புக்கும் தரைக்கும் நடுவே 90 மி.மீ. மட்டும் வைத்துவிட்டு ஸ்பிரிங்கைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை. படத்தில் அழகாக இருக்கிறதென்று காரைத் தரையோடு ஒட்டவைக்கிறவர்கள், பிறகு சம்ப் இடிக்காமலிருக்க ஸ்பிரிங்கை இரும்பாக்குவார்கள். அதன் பிறகு இந்தக் கார் உலுக்கி எடுக்கிறது என்பார்கள்.

கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் கல்லூரி மாணவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பழக்கம்தான். ஆனால் அவர்களுக்கு விதி கேட்கும் சக்கர ஓட்டம் மொத்தமே 50 மி.மீ. அந்தக் கார்களுக்கு வரும் குட்டை ஷாக் மலிவாகக் கிடைக்கிறதென்று சாலைக் காருக்கு எடுத்துவராதீர்கள். தட்டையான பந்தயத் தடத்துக்கு அது போதும், ஊர்ச் சாலைக்குப் போதாது.

எடை போடுவது

நான்கு சக்கரத்தின் எடையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பந்தயக் குழுவிடம் இருக்கும் எலக்ட்ரானிக் தட்டுகளை இரவல் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஆள் எடை பார்க்கும் வீட்டு மெஷினே போதும். அதன் எல்லை பெரும்பாலும் 150 கிலோவை ஒட்டியிருக்கும் என்பதால் சக்கரத்தை நேராக அதன்மேல் ஏற்றக் கூடாது. உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனையை மெஷின்மேலும் மறுமுனையை அதே உயரச் செங்கல்மேலும் வையுங்கள். இரண்டு முனையிலும் பலகைக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டு கிடந்தால் எடை எந்த இடத்தில் இறங்குகிறது என்பதில் குழப்பமிருக்காது. சக்கரம் சரியாக நடுவில் நின்றால் மெஷின் பாதி எடையைக் காட்டும். பலகையின் பங்கைக் கழித்துவிட்டு இரட்டிப்பாக்குங்கள். மற்ற மூன்று சக்கரங்களும் அதே உயரத்தில் கட்டைமேல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கார் சாய்ந்து எண்கள் பொய் சொல்லும். இருக்கையில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது உங்கள் எடைக்கு மணல் மூட்டை. டாங்க்கில் பாதி பெட்ரோல்.

நம் காருக்கு முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் 150 கிலோ, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் 165 கிலோ என்று வந்திருக்கிறது. இந்த முழு எடையையும் ஸ்பிரிங் சுமப்பதில்லை. சக்கரம், டயர், ஹப், பிரேக், விஷ்போனில் பாதி, ஷாக்கில் பாதி எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றைத் தரையே தாங்குகிறது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அதே மெஷினில் வைத்துக் குறித்துக்கொண்டிருந்தால் இப்போது வேலை எளிது. முன்னால் 28 கிலோ கழிந்து ஸ்பிரிங் சுமப்பது 122. பின்னால் முழு ஆக்ஸில் என்பதால் பக்கத்துக்கு 45 கிலோ கழிந்து 120.

அந்தப் பின் எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கீழே 45, மேலே 120. ஒரு கனமான காரில் மூலைக்கு 375 கிலோவில் கீழே 40 இருந்தால் மேலே 335. விகிதம் ஒன்றுக்கு எட்டுக்கு மேல். நம் காரில் ஒன்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆக்ஸில் ஒரு குழியில் குதித்தால் அந்த உதறலை அடக்கி வைக்க மேலே போதிய கனம் கிடையாது. ஆகவே எடை குறைப்பதில் காசு செலவழிக்க நினைப்பவர்கள் கார்பன் இருக்கையை விட்டுவிட்டு 13 அங்குல லேசான வீலில் தொடங்கலாம். கீழே குறையும் ஒரு கிலோ, மேலே குறையும் பல கிலோவுக்குச் சமம்.

ஸ்பிரிங்கின் ரேட்

ஒரு ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க எத்தனை கிலோ வேண்டுமோ அதுதான் அதன் ரேட். பிரிட்டிஷ் கடைகள் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று விற்கும். மி.மீ.க்கு 1 கிலோ என்றால் அங்குலத்துக்கு 56 பவுண்டு. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த ரேட் சரி என்பதை, கார் தன் ஸ்பிரிங்மேல் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை வைத்து முடிவு செய்வார்கள். சொகுசுக் கார் 1 ஹெர்ட்ஸ் அளவில் ஆடும். சாலையில் ஓடும் நல்ல ஸ்போர்ட்ஸ் காருக்கு 1.5 முதல் 1.8. இரண்டைத் தாண்டினால் தட்டையான தடத்துக்குத்தான் அழகு. இதைக் கணக்கிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு: கார் தன் எடையில் ஸ்பிரிங்கை எத்தனை மி.மீ. அமுக்கி உட்கார்கிறது என்று சக்கரத்தின் இடத்தில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுக்க வேண்டும். 100 மி.மீ. அமுங்கினால் 1.58 ஹெர்ட்ஸ். எடையோ ரேட்டோ தனியாகத் தேவையில்லை, அமுங்கும் தூரமே போதும்.

முன்னால் 1.6 வேண்டும் என்று வைப்போம். திருப்பிப் போட்டால் 97.5 மி.மீ. அமுங்க வேண்டும். 122 கிலோவை 97.5ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 1.25 கிலோ. இது சக்கரத்தில் வேண்டிய ரேட். கடையில் வாங்கும் ஸ்பிரிங்கின் ரேட் இதுவல்ல. தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

ஸ்பிரிங் சக்கரத்தின் தலைமேல் நிற்பதில்லை. கீழ் விஷ்போனில் கொஞ்சம் உள்ளே தள்ளி, அதுவும் சாய்ந்து நிற்கிறது. கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீலுக்கு அருகில் தள்ளினால் எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது, கை எவ்வளவு குறைவாக நகர்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஷாக் 6.5 மி.மீ. மட்டுமே மூடுகிறது என்றால் நகர்வு விகிதம் 0.65. ஸ்பிரிங் குறைவாக அமுங்குவதால் குறைவாக எதிர்க்கிறது. அது ஒரு 0.65. அந்த எதிர்ப்பும் நெம்புகோல் வழியாகச் சக்கரத்துக்கு வரும்போது குறைகிறது. அது இன்னொரு 0.65. இரண்டையும் பெருக்கினால் 0.42. ஆக 1.25ஐ 0.42ஆல் வகுக்க வேண்டும்: மி.மீ.க்கு 2.96 கிலோ, அதாவது 166 பவுண்டு. கடையில் கிடைக்கும் 175 நமக்குப் பொருந்தும். விகிதத்தை ஒரே தடவை வகுத்து நிறுத்திக்கொள்கிறவர் 108 பவுண்டு ஸ்பிரிங் வாங்குவார். கார் அதன்மேல் உட்கார்ந்ததும் 98 மி.மீ. அமுங்கிவிடும். காயிலோவரில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை எவ்வளவு திருகி மேலேற்றினாலும் அந்தக் கார் கொழகொழவென்று ஆடும்.

நகர்வு விகிதத்தை வரைபடத்திலிருந்து எடுப்பதைவிட அளந்து பார்ப்பதே நல்லது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை 10, 10 மி.மீ.யாக ஜாக்கியால் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஷாக்கின் மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடு வரை அளந்து எழுதுங்கள். சக்கரம் ஏற ஏற விகிதம் கூடிக்கொண்டு போனால் நல்ல அமைப்பு, அமுங்க அமுங்கக் கடினமாகும். குறைந்துகொண்டு போனால், ஷாக் அளவுக்கு மீறிப் படுத்துக் கிடக்கிறது என்று பொருள். மேல் பிராக்கெட்டை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

பின்னால் கணக்கு எளிது. முழு ஆக்ஸிலில் ஷாக் கிட்டத்தட்ட நேராக நிற்கும், விகிதம் 0.98ஐ ஒட்டி வரும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வைப்பது வழக்கம். மேட்டை முன்சக்கரம் முதலில் சந்திக்கிறது, பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக. பின்பக்கம் கொஞ்சம் விரைவாக ஆடினால் தாமதத்தை ஈடுகட்டி இரண்டும் சேர்ந்து அடங்கும், கார் தலையாட்டாது. 1.75 என்று வைத்தால் 85 பவுண்டு வருகிறது.

85ஆ என்று கேட்கத் தோன்றும். தோன்றட்டும். ஓட்டுநர் மட்டும் போகும் காருக்கு அது சரியான எண்தான். ஆனால் பக்கத்தில் ஆளும் பின்னால் பையும் ஏறினால் பின்சக்கரத்துக்கு மேலே 120 கிலோ 150 ஆகிறது. 85 பவுண்டு ஸ்பிரிங்கில் பின்பக்கம் 20 மி.மீ. தாழும். மேடேற வைத்திருந்த 60இல் மிச்சம் 40 மி.மீ. இதைக் கண்டு பயந்து பலர் 130, 150 என்று போய்விடுகிறார்கள். 100 பவுண்டு போட்டுப் பார்ப்போம்: தாழ்வது 17 மி.மீ. ஸ்பிரிங்கை இவ்வளவு கடினமாக்கியும் திரும்பக் கிடைத்தது 3 மி.மீ. தனியாகப் போகும்போது கார் 1.9 ஹெர்ட்ஸில் உதறும், அதுதான் அதற்கு விலை. அதே காசுக்கு 25 மி.மீ. கூடுதல் ஓட்டமுள்ள ஷாக் கிடைக்கும். பின்னால் இடம் இருக்கிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். இடமே இல்லை, துணையோடுதான் எப்போதும் போவேன் என்கிறவர்கள் 100 வரை போகலாம்.

எடை குறைந்த கார் கடினமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. லோட்டஸின் வழக்கமே மென்மையான ஸ்பிரிங்கும் அதை நன்றாக அடக்கும் ஷாக்கும்தான். 1962இல் வந்த எலானை ஓட்டியவர்கள் இன்றைக்கும் அதன் சாலைப் பிடிப்பைப் பேசுகிறார்கள். சக்கரம் சாலையை விட்டுப் பிரியாமலிருப்பதுதான் பிடிப்பு. கடினமான ஸ்பிரிங் லேசான காரின் சக்கரத்தைச் சாலையிலிருந்து உதைத்துத் தள்ளும்.

இனி நீளம். முன் ஸ்பிரிங்கில் இறங்கும் சுமை 122ஐ 0.65ஆல் வகுத்தால் 188 கிலோ. 175 பவுண்டு ஸ்பிரிங் மி.மீ.க்கு 3.125 கிலோ, ஆக 60 மி.மீ. அமுங்கிக் கார் நிற்கிறது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷாக் 40 திறந்தாலும் ஸ்பிரிங்கில் 20 மி.மீ. அழுத்தம் மிச்சம். இது கட்டாயம் இருக்க வேண்டியது. இல்லாவிட்டால் ஜாக்கி போட்டதும் ஸ்பிரிங் தட்டை விட்டு நழுவி ஆடும், இறக்கும்போது கோணலாக உட்காரும். மறுபக்கம், ஷாக் முழுதாக மூடும்போது ஸ்பிரிங் 120 மி.மீ. அமுங்கியிருக்கும். 8 அங்குல, அதாவது 203 மி.மீ. ஸ்பிரிங் என்றால் அப்போது நீளம் 83. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நீளம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். 75 என்று சொன்னால் வாங்கலாம், 85 என்றால் வேறு ஸ்பிரிங் பாருங்கள். சுருள் ஒட்டியபின் அது ஸ்பிரிங் அல்ல, இரும்புக் குழாய். அடி முழுதும் பிராக்கெட்டின் வெல்டிங்கில் விழும்.

செவன் வகைக் கார்களில் 1.9 அங்குல உள்விட்ட ஸ்பிரிங் பரவலாகப் புழங்குகிறது, 2.25உம் 2.5உம் அதற்கு அடுத்தபடி. எது இடத்தில் நுழைகிறதோ அதை எடுங்கள். ஆனால் அந்த அளவில் பல ரேட் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு ஒரு படி மாற்ற நினைத்தால் ஷாக்கையே மாற்ற வேண்டிய நிலை வரக் கூடாது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம்மூரில் பைக்கில் இரண்டு பேர் போவதென்றால் மெக்கானிக்கிடம் ஷாக்கை டைட் வைக்கச் சொல்வோம். அவர் பின் ஷாக்கின் கீழ் வளையத்தை ஒரு படி திருப்புவார். வண்டி உயர்ந்து நிற்கும், கடினமாகிவிட்டது என்று நமக்குத் தோன்றும். காயிலோவரின் தட்டைத் திருகும்போது நடப்பதும் அதேதான்: உயரம் மாறுகிறது, ரேட் மாறுவதில்லை. 175 பவுண்டு ஸ்பிரிங் எவ்வளவு திருகினாலும் 175தான். கடினம் வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் வாங்க வேண்டும்.

இப்போது ஷாக்

ஸ்பிரிங் காரைச் சுமக்கிறது, ஷாக் ஆட்டத்தை அடக்குகிறது. அடக்கும் அளவும் ஸ்பிரிங்கையும் எடையையும் பொறுத்தது. அதனால்தான் அது கடைசியில் வருகிறது. ஆட்டத்தை ஒரே மூச்சில் நிறுத்தத் தேவையான தடுப்பில் பத்தில் நான்கு பங்கு இருந்தால் சாலைக் காருக்கு நன்றாக இருக்கும். நம் முன்சக்கரத்துக்கு அதைக் கணக்கிட்டால், ஷாக் நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் நகரும்போது சராசரியாக 24 கிலோ எதிர்க்க வேண்டும். இதைச் சரிசமமாகப் பிரிப்பதில்லை. விரியும்போது கூடுதலாகவும் மூடும்போது குறைவாகவும் எதிர்க்கும். 32க்கு 16 என்ற அளவில் தொடங்கலாம். மூடும்போதும் அதிகம் எதிர்த்தால் ஒவ்வொரு மேட்டின் அடியும் ஷாக் வழியாகவே உள்ளே வந்துவிடும்.

கனமான காரிலிருந்து கழற்றிய ஷாக்கை ஏன் போடக் கூடாது என்பதற்கு இதுவே விடை. மேஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பிரித்து அதன் உறுப்புகளை வைத்து லேசான கார் கட்டுகிறவர்கள் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் அப்படியே தூக்கி வைப்பது உண்டு. மூலைக்கு ஸ்பிரிங் சுமந்தது 210 கிலோவாக இருந்து இப்போது 140 ஆகிவிட்டது என்றால், 1.4 ஹெர்ட்ஸில் ஆடிய ஸ்பிரிங் 1.7இல் ஆடும். அதோடு ஷாக்கின் அடக்கமும் கால் பங்கு அளவுக்குக் கூடிப்போகும். கார் உயரத்தில் நிற்கும், சின்னச் சின்ன மேட்டில் தத்தும். ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைத்தால் இன்னும் கடினமாகும், ஏனென்றால் சுருள் குறையக் குறைய ரேட் ஏறும். மோட்டார் சைக்கிள் ஷாக்கைப் போடுகிறவர்களும் உண்டு. நீளம் பொருந்துகிறது என்பதைத் தவிர அதில் நமக்குப் பொருந்துவது எதுவுமில்லை.

புதிதாக வாங்குவதென்றால் இரண்டு வகை. இரட்டைக் குழாய் வகை மலிவு, பழுது பார்க்கலாம். பிரிட்டனில் கிட் கார்களுக்கென்றே காஸ், ஏவிஓ, புரோடெக் போன்றவர்கள் செய்கிறார்கள். இதைத் தலைகீழாக மாட்டக் கூடாது, மாட்டினால் எண்ணெயில் காற்று கலந்து அடக்கம் போய்விடும். ஒற்றைக் குழாய் வகையில் அழுத்தமேற்றிய வாயு ஒரு தனி அறையில் இருக்கும். பில்ஸ்டைன் இதில் பெயர் பெற்றது. தலைகீழாகவும் மாட்டலாம், கனமான குழாய் மேலே போய்க் கீழெடை குறையும். ஆனால் வாயு அழுத்தம் எப்போதும் ஷாக்கின் கம்பியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 11 மி.மீ. கம்பியும் 20 பார் அழுத்தமும் இருந்தால் அந்தத் தள்ளல் 19 கிலோவை ஒட்டி வரும். கனமான காரில் அது தெரியாது. நம் முன் ஸ்பிரிங்கில் காரை ஷாக் அளவில் 6 மி.மீ. தூக்கிவிடும். லேசான காருக்குக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது என்ன கார் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். திறந்த நீளம், மூடிய நீளம், ஸ்பிரிங் சுமக்கும் எடை, நகர்வு விகிதம், நீங்கள் முடிவு செய்த ரேட், போல்ட் அளவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஷாக்கை டைனோ என்ற சோதனை மெஷினில் ஓட்டி எடுத்த வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடம் தரத் தயங்குகிறவரிடம் வாங்குவதற்கு முன் நீங்களும் கொஞ்சம் தயங்கலாம். பக்கவாட்டில் ஒரே ஒரு திருகு குமிழ் இருக்கும் ஷாக் பெரும்பாலும் விரிவு, அமுக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றும். முதல் காருக்கு அது போதும். நான்கு குமிழ் உள்ளதை வாங்கிவிட்டு எதைத் திருப்பினோம் என்று மறந்துபோவதைவிட இது மேல்.

பம்ப் ரப்பரை மறந்துவிடாதீர்கள். ஷாக் கம்பியில் செருகும் நுரை ரப்பர்தான் கடைசி 15, 20 மி.மீ.யை மெத்தென்று முடித்துவைக்கிறது. அது இல்லாமல் ஷாக் உள்ளுக்குள் இரும்போடு இரும்பு மோதினால் வால்வு போய்விடும்.

மாட்டுவதும் பார்ப்பதும்

ஷாக்கின் இரு முனையும் இரண்டு தகடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரே தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் வளையும். 8.8 தரப் போல்ட், நைலாக் நட், புஷ்ஷுக்குள் மரை வராமல் வழவழப்பான தண்டு மட்டும் இருக்கும் நீளம். ரப்பர் புஷ் உள்ளவர்கள் போல்ட்டைக் கார் தரையில் தன் எடையில் நிற்கும்போது மட்டும் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், கார் சரியான உயரத்துக்கு வராது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் டயரில் காற்றைப் பாருங்கள். கனமான காரின் பழக்கத்தில் 30 பி.எஸ்.ஐ. அடித்திருப்பீர்கள். இந்த எடைக்கு 18 முதல் 20 போதும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். அது கல்லாக இருந்தால் ஷாக்கின்மேல் பழி விழும்.

குமிழை முழுக்க மென்மையில் வைத்து, நன்றாகத் தெரிந்த மேடுபள்ளமான ஒரு சாலையில் ஓட்டுங்கள். நகர நெடுஞ்சாலை இதற்கு உதவாது. வளைவும் ஒட்டுப்போட்ட தாரும் உள்ள கிராமச் சாலையாக இருக்கட்டும். மேடு தாண்டியபின் கார் இரண்டு மூன்று முறை மிதந்து அடங்கினால் இரண்டு கிளிக் ஏற்றுங்கள். ஒரே முறையில் அடங்கும்வரை இப்படிச் செய்து நிறுத்துங்கள். அதற்கு மேலே ஏற்றினால் இரண்டு விதமாகத் தெரியும். தனி மேட்டில் அடி கூர்மையாக முதுகில் இறங்கும். இன்னொன்று கொஞ்சம் ஏமாற்றும்: அடுத்தடுத்து வரும் சிறு மேடுகளில் கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் பம்ப் ரப்பரில் உட்காரும். விரியும்போது ஷாக் மிக மெதுவாக விடுவதால், சக்கரம் இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஓட்டுபவருக்கு ஸ்பிரிங் மென்மையாக இருப்பதுபோல் தோன்றும், அவர் போய்க் கடினமான ஸ்பிரிங் வாங்குவார். கிளிக்கைக் குறைத்தாலே தீரும். காரை நிறுத்தி மூலையைக் கையால் அமுக்கிப் பார்க்கும் பழைய சோதனை ஷாக் செத்துவிட்டதா என்று மட்டும்தான் சொல்லும்.

நிலைப்படுத்தும் கம்பி இப்போது வேண்டாம். இவ்வளவு தாழ்ந்த, லேசான காரில் அது இல்லாமலே பெரும்பாலும் சமாளிக்கலாம். ஸ்பிரிங் சரியான பிறகும் வளைவில் சாய்கிறது என்று தோன்றினால் அப்போது பார்க்கலாம்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஸ்பிரிங் கொஞ்சம் படியும். மறுபடி உயரத்தை அளந்து தட்டுகளைச் சரிசெய்யுங்கள். இருக்கையில் உங்கள் எடையை வைத்து நான்கு மூலையையும் மறுபடி எடை போடுங்கள். முன் இடதும் பின் வலதும் சேர்ந்த எடை, முன் வலதும் பின் இடதும் சேர்ந்த எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வரும்வரை தட்டைச் சுற்றில் கால் கால் பங்காகத் திருப்புங்கள். உயரம் மாறினால் சக்கரக் கோணமும் மாறும் என்பதால் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். ஹெட்லைட்டின் வெளிச்சம் விழும் இடமும் மாறியிருக்கும். சாலையில் ஓட்ட அனுமதி பெறுவதற்கான பிரிட்டனின் ஐவிஏ சோதனைக்குக் காரைக் கொண்டுபோவதற்கு முந்தைய நாள் சுவரில் கோடு போட்டு அதையும் சரிசெய்துவிடுங்கள்.